சம்பா சாய்ந்த வீட்டில் ஜெபம் நின்றுபோனால் என்ன செய்வது? (விவாத இழை)

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தை பிறந்து கதிர் அறுவடைக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதிர் சாயும், தண்ணீரில் கிடந்து வயலிலேயே முளைக்கும். அப்படிப்பட்ட வருஷங்களில் கிறிஸ்தவ வீடுகளில் ஒன்று தவறாமல் நடக்கிறது. முதல் வாரம் ஜெபம் கூடுகிறது. மூன்றாம் வாரம் குறைகிறது. குழுக் கடன் தவணையும் நகைக்கடன் வட்டியும் சேர்ந்து வாசலில் நிற்கிற மாதத்தில் குடும்ப ஜெபம் அடியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்கும் வருவதில்லை.

விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர எங்கள் ஜெபக்குழுவுக்கு மனமில்லை. எட்டுப் பேர் இருக்கிறோம், அடுத்த வாரம் முதல் வீடுகளுக்குப் போகிறோம். கேட்பது இதுதான்: வீட்டில் என்ன செய்யச் சொல்லலாம், எத்தனை நிமிஷம், எந்த வேதபகுதி, எதைச் சொல்லவே கூடாது? பிரசங்கம் வேண்டாம், வழிமுறை வேண்டும். எந்தச் சபையாராக இருந்தாலும் எழுதுங்கள்.

---

தரங்கை லுத்தரன்

ஜெபம் நின்றுபோவதற்கு முதல் காரணம், நம் வீடுகளில் இரண்டு வகை ஜெபம்தான் பழக்கம்: துதி, விண்ணப்பம். விண்ணப்பம் கேட்கப்படாமல் போய், துதி தொண்டையில் சிக்கிக்கொள்ளும்போது கையில் மூன்றாவது வகை இல்லை. அந்த மூன்றாவது வகைதான் புலம்பல். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த வகை. ஆராதனைகளில் நாம் திரும்பத் திரும்ப எடுப்பது 23, 91, 103, 121. புலம்பல் சங்கீதங்கள் ஏடு ஒட்டியபடியே கிடக்கின்றன.

தொடங்க ஏற்றது 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம். மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். அதன் அமைப்பைப் பாருங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, அது முறையீடு. அடுத்தது விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். பிறகு காரணம்: இல்லாவிட்டால் செத்துப்போவேன், பகைவன் மகிழ்வான். கடைசி இரண்டு வசனங்களில் நம்பிக்கையும் பாட்டும்.

இதையே வீட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய நோட்டில் ஒரு பக்கம், 15 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். முறையீட்டுக்குப் பாதிப் பக்கம் விடுங்கள். "கஷ்டமாக இருக்கிறது ஆண்டவரே" என்பது முறையீடு ஆகாது. "மூன்று ஏக்கரும் போயிற்று, வெள்ளிக்கிழமை தவணை கட்டப் பணம் இல்லை, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்" என்பதே முறையீடு. சங்கீதக்காரன் இப்படித்தான் பேசுகிறான். விண்ணப்பம் இரண்டு மூன்று வரி, அதுவும் குறிப்பாக. நம்பிக்கை ஒரு வரி.

பிழை எங்கே வருகிறது? பெரும்பாலும் கடைசிப் பகுதிக்கு அவசரப்பட்டு ஓடுவதில். பக்கத்தில் இருப்பவர் "சரி, இப்போது ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று தள்ளுவார். உடனே எழுதுகிறவருக்கு முறையீடு பொய்யாகிவிடும், நம்பிக்கையும் பொய்யாகிவிடும். நம்பிக்கை வரி வரவில்லை என்றால் இடத்தைக் காலியாக விட்டு, தேதி போட்டு மூடிவையுங்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தைத் திறக்கலாம். 88-ஆம் சங்கீதம் நம்பிக்கை வரி இல்லாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

---

மாயூரத்து வாசகர்

ஐயா, ஒரு சந்தேகம். இப்படி எழுதச் சொன்னால் அது முறுமுறுப்பாகிவிடாதா? வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததற்காகத்தானே தண்டனை வந்தது? மூத்தவர்கள் இதைச் சொல்லியே தடுப்பார்கள். துக்க வீட்டில் பெண்கள் ஒப்பாரி எடுத்தாலே, நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது என்று அடக்குகிற ஊர்கள் இருக்கின்றன.

---

தரங்கை லுத்தரன்

நல்ல கேள்வி. வித்தியாசம் யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரம் ஒன்றே போதும், இரண்டும் அதிலேயே இருக்கின்றன. ஜனங்கள் கூடாரவாசலில் நின்று ஒருவருக்கொருவர் அழுகிறார்கள், எகிப்துக்குத் திரும்ப ஏங்குகிறார்கள், அது முறுமுறுப்பு. அதே அதிகாரத்தில் மோசே நேராகக் கர்த்தரிடம் போய், இந்தப் பாரத்தை என்னால் தாங்க முடியாது, என்னைக் கொன்றுவிடும் என்கிறான். சொல்லைப் பார்த்தால் ஜனங்களுடையதைவிட அதுதான் கடுமை. அவனுக்குத் தண்டனை வரவில்லை. பாரத்தைச் சேர்ந்து சுமக்க 70 மூப்பர்கள் வந்தார்கள் (16, 17-ஆம் வசனங்கள்). உங்கள் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு இதைவிட நல்ல வேத ஆதாரம் கிடைக்காது.

யோபு புத்தகத்தின் முடிவும் அப்படியே. 42:7-இல் கர்த்தர் கோபப்படுவது யோபுவின்மேல் இல்லை. தேவனுக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள்மேல்.

ஒப்பாரி பற்றி: 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐப் பாதியில் நிறுத்திப் படிப்பதால் வருகிற கோளாறு அது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்பது வசனம். துக்கிக்கவே வேண்டாம் என்று எங்கும் இல்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறை வாசலுக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார். நம் பெண்களின் ஒப்பாரியைக் கூர்ந்து கேளுங்கள்: பேர் சொல்லி அழைக்கும், நடந்ததைச் சொல்லும், ஏன் போனாய் என்று கேட்கும், இனி எனக்கு யார் என்று முடியும். 13-ஆம் சங்கீதத்தின் வரிசை அதற்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குரலை அடக்காமல், கூப்பிடுகிற பேரைக் கர்த்தரின் பேராக மாற்றிக் கொடுத்தால் போதும்.

---

பூண்டிப் பக்கம் அன்பியம்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. கத்தோலிக்க வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விஷயம். திருவிவிலியத்தில் சங்கீதம் என்று தேடினால் கிடைக்காது, திருப்பாடல்கள் என்று இருக்கும். எண் இரண்டிலும் ஒன்றே. அவர்கள் வாயில் "ஆண்டவர்" வரும், உங்கள் வாயில் "கர்த்தர்" வரும். வீட்டில் இருக்கிற வேதாகமத்தையே எடுத்துப் படியுங்கள். துக்கத்தில் இருக்கிறவருக்குப் பழகிய சொல் வேண்டும்.

குடும்பச் செபமாலை நின்றுபோன வீட்டில் திரும்பவும் 53 மணியையும் சொல்லச் சொன்னால் நடக்காது. ஒரே ஒரு பத்து மணி. துயர மறையுண்மைகளில் (செபமாலையில் தியானிக்கிற இயேசுவின் பாடுகள்) முதலாவது, கெத்சமனித் தோட்டம். இயேசுவே "இந்தக் கிண்ணம் என்னை விட்டு அகலட்டும்" என்று கேட்ட இடம் அது. நாலு நிமிஷத்துக்குள் முடியும். மாலை விளக்கு வைக்கிற நேரத்தோடு சேர்த்து வைத்தால் நிற்கும். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் நிற்காது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது பத்தைச் சேர்க்கலாம்.

அடுத்தது நேர்த்திக்கடன். கஷ்ட காலத்தில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்வது நம் பக்கத்தில் ரத்தத்தோடு வந்தது. நடந்து வருகிறேன், முட்டிபோட்டு வருகிறேன், தங்கத்தில் உருவம் வைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு, ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கும்போது அதற்காக வட்டிக்கு வாங்குவார்கள். செய்யாவிட்டால் இன்னும் கேடு வரும் என்ற பயம் வேறு. பயப்பட வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். திருச்சபைச் சட்டப்படி, தனியாள் செய்த நேர்ச்சையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. எளிய நேர்ச்சையாக மாற்றியும் தருவார். போய்க் கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள், கூட ஒருவர் போங்கள். அன்னை மரியாவே இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கியபோது கொண்டுபோனது ஏழைகளின் காணிக்கை, பறவைகள் இரண்டு (லூக்கா 2:24). ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியர் 12:8 வைத்த வழி அது.

---

செவிலி, நாகை

உடம்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். 1 இராஜாக்கள் 19. எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும்" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் முதலில் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. தூங்கவிடுகிறான், எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், திரும்பத் தூங்கவிடுகிறான், திரும்பச் சாப்பிடச் சொல்கிறான். தேவன் பேசுவது அதற்குப் பிறகு, ஓரேபில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மூன்று இரவு தூங்காத ஆளிடம் போய் முழு இரவு ஜெபத்துக்குக் கூப்பிடுவது கெடுதல். அன்றிரவு அவருக்கு வேண்டியது சாப்பாடும் தூக்கமும். பிள்ளைகளை வேறு வீட்டில் ஒரு ராத்திரி பார்த்துக்கொள்வதும் ஊழியம்தான்.

உபவாசம் பற்றி: சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டிய மருந்து உள்ளவர்கள், இவர்களை உபவாசத்துக்கு வற்புறுத்தக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும்: வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், மயக்கம். ஜெபக்கூட்டத்தில் இதை அபிஷேகம் என்றோ பிசாசு என்றோ தவறாக எண்ணிவிட்டால் உயிருக்கே ஆபத்து. விழுங்குகிற நிலையில் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கத்தோலிக்க ஒழுங்கிலும் நோயாளிகளுக்கு உபவாசக் கடமை இல்லை. விசுவாசத்தைக் காட்ட மருந்தை நிறுத்தச் சொல்பவர்களிடம் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவர் என்று தெளிவாக இருக்கிறது. மற்ற சபையாருக்கு யாக்கோபு 5:14. அங்கே எண்ணெயும் ஜெபமும் சொல்லியிருக்கிறது, மருந்தை விடச் சொல்லவில்லை.

கடைசியாக, மிக முக்கியமானது. "நான் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்", "இன்ஷூரன்ஸ் பணமாவது வீட்டுக்கு வரும்" மாதிரிப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விடுகிற எண்ணம் இருக்கா அண்ணே?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது, இருக்கிற எண்ணம் வெளியே வரும். இருக்கிறது என்றால் தனியாக விட வேண்டாம். வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் இருக்கிற பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் அன்றே எடுத்து வேறு வீட்டில் பூட்டிவையுங்கள். இந்த ஒரு வேலை காப்பாற்றுகிற உயிர்கள் அதிகம். ஏனென்றால் அந்த உந்துதல் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் டப்பா இருக்கக் கூடாது. 104, 14416 என்ற உதவி எண்களில் தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு, மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள்.

எலியா சாவைக் கேட்டதால் தேவன் அவனைத் தள்ளிவிடவில்லை என்பதை அந்த வீட்டாருக்கும் சொல்லுங்கள். அவமானம்தான் ஆளைத் தனியாக்குகிறது.

---

கூட்டுறவுக் கணக்கர், பாபநாசம்

செவிலி அக்கா எழுதியதைக் குழுவில் எட்டுப் பேரும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். 2 இராஜாக்கள் 4:1-7, கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வந்த விதவை. எலிசா கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" பிறகு அக்கம்பக்கத்தில் பாத்திரம் கேட்டு வாங்கச் சொல்கிறான். கடைசியில் எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து மிச்சத்தில் பிழைக்கச் சொல்கிறான். அற்புதம் நடுவில் நடக்கிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் கணக்கு இருக்கிறது.

ஒரு தாளில் நாலு கட்டம் போடச் சொல்லுங்கள்: யாரிடம் வாங்கியது, அசல் பாக்கி, வட்டி, அடுத்த தேதி. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். பல வீடுகளில் ஒருவருக்குத் தெரியாத கடன் மற்றவர் பேரில் இருக்கும். ஜெபம் நின்றுபோவதற்கு அதுவும் காரணம், ஒளித்து வைத்துக்கொண்டு சேர்ந்து முழங்கால்போட முடியாது. எழுதியதும் எசேக்கியா செய்ததைச் செய்யலாம். அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான் (2 இராஜாக்கள் 19:14). வங்கி நோட்டீஸ் ஆனாலும் குழுக் கடன் அட்டை ஆனாலும் அப்படியே மேசைமேல் விரித்து, வரி வரியாக வாசித்து ஜெபிக்கச் சொல்லுங்கள்.

வயல் விஷயத்தில் ஜெபத்தோடு சேர்ந்து ஓட வேண்டிய வேலைகள் உண்டு. பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நான்கும் தயாராக வேண்டும். அடங்கலில் பயிர் பெயரும் சர்வே எண்ணும் சரியாக இல்லை என்றால் பிறகு அலைச்சல். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் பருவம் தப்பிய மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். துக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த மூன்று நாள் போய்விடும். உங்கள் குழுவில் மனு எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் அவர் ஜெபிக்கிறவருக்குச் சமமான வேலை செய்கிறார். குத்தகைக்குச் செய்பவர்கள் அடங்கலைத் தங்கள் பேரில் வாங்குவதற்கே தனி முயற்சி வேண்டும், அவர்களை முதலில் கவனியுங்கள்.

காணிக்கைக்கும் ஒரு வார்த்தை. "விதை விதைத்தால் நூறு மடங்கு வரும்" என்று கடனில் இருக்கும் வீட்டில் காணிக்கை கேட்பவர்களிடமிருந்து அந்த வீட்டைக் காப்பாற்றுங்கள். 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது: இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். தாய் தகப்பனுக்கு ஆக வேண்டியதைக் கொர்பான் (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லி ஆலயத்துக்குக் கொடுப்பதை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அந்த வகையில்தான் வரும்.

---

மாயூரத்து வாசகர்

> விதை விதைத்தால் நூறு மடங்கு வரும்

இதற்கு ஒரு எதிர்வாதம். இல்லாமையிலும் கொடுத்த விதவையின் இரண்டு காசை இயேசு மெச்சினாரே? கொடுப்பதை முற்றாக நிறுத்தச் சொன்னால் அந்த வீட்டுக்கு இருக்கிற கடைசி மரியாதையையும் எடுத்துவிட மாட்டோமா? அறுப்பின் பண்டிகையில் எல்லாரும் நெல்லும் வாழைத்தாரும் கொண்டுவந்து வைக்கும்போது வெறுங்கையோடு வருவது கூச்சம். அதனால்தான் பலர் அன்றைக்கு வருவதே இல்லை.

---

கூட்டுறவுக் கணக்கர், பாபநாசம்

சரியாகச் சொன்னீர்கள், நான் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன். அவள் தானாகப் போட்டாள், யாரும் வந்து கேட்டு வாங்கவில்லை. ஆகவே தடுக்க வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அறுப்பின் பண்டிகைக்கு வழி: ஒரு பிடி முருங்கைக்கீரை, கொல்லையில் காய்த்த ஒரு பூசணி போதும் என்று ஆயர் முன்கூட்டியே ஆராதனையில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். ஏலத்தில் பேரைச் சத்தமாக வாசிக்கிற பழக்கத்தை அந்த ஒரு வருஷமாவது நிறுத்தலாம்.

---

கடைமடைக்காரர்

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். வந்து சேரும்போது வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், வந்த தண்ணீரும் வயலுக்கு ஏறாமல் வீணாகும். அதனால் கடைமடையில் தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மண்வெட்டி எடுப்பார்கள். 2 இராஜாக்கள் 3:16, 17-ஐ எங்கள் பக்கத்துச் சபைகளில் வாசித்தால் விளக்கமே வேண்டாம்: வாய்க்கால்களை வெட்டுங்கள், காற்றையும் காணமாட்டீர்கள், மழையையும் காணமாட்டீர்கள், ஆனாலும் பள்ளத்தாக்கு நிரம்பும். உணர்வே வராத காலத்தில் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுப்பது அப்படி வாய்க்கால் வெட்டுகிற வேலை. வறண்டுதான் இருக்கும். வறண்டிருக்கும்போதுதான் வெட்டவும் முடியும்.

126-ஆம் சங்கீதமும் நம்முடையது. கண்ணீரோடே விதைக்கிறவர்கள் என்றால் என்ன? முதல் விதைப்பு அழுகி, சாப்பாட்டுக்கு வைத்த நெல்லை விதைநெல்லாக எடுத்துப்போகிறவனின் அழுகை அது. ஆறாம் வசனத்தில் அவன் அழுகையை நிறுத்திவிட்டுப் போகவில்லை, அழுதுகொண்டே போகிறான்.

வசனங்களைத் துண்டாக எடுத்துக் கொடுப்பது பற்றி என் வேண்டுகோள். எரேமியா 29:11-ஐ எல்லார் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதின கடிதம் அது. பிலிப்பியர் 4:13-க்கு முன்னால் தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்று இருக்கிறது. ஒரு வசனத்தைக் கொடுக்கும் முன் முன்னால் பத்து, பின்னால் பத்து வசனம் படியுங்கள். இரண்டு மாதத்தில் எல்லாம் மாறும் என்று வசனத்தைக் காட்டி வாக்குக் கொடுத்துவிட்டு, அது நடக்காதபோது அந்த ஆள் உங்களைத் தள்ளமாட்டார், தேவனைத் தள்ளிவிடுவார்.

---

வெண்ணாற்றங்கரை

எழுதிய எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று இருக்கிறது, எங்களுக்கு அதுதான் பெரிய பயம். "ஏன் எனக்கு?" என்று கேட்பார்கள். சிலர் "நான் செய்த பாவமா?" என்று கேட்பார்கள். கஜா அடித்த 2018-லும், அதற்கு முன் சுனாமியிலும் இதே கேள்விதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக்கு வந்தவர்களையே அலை கொண்டுபோனது. என்ன பதில் சொல்வது?

---

தரங்கை லுத்தரன்

பாவமா என்ற கேள்விக்கு இயேசு தாமே பதில் சொல்லியிருக்கிறார், அதை அப்படியே சொல்லலாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார் (லூக்கா 13:4, 5). பிறவிக் குருடனைக் குறித்தும் இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றார் (யோவான் 9:3). இதில் தயங்காமல் இருங்கள்.

"ஏன்" என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை, சொல்லவும் கூடாது. யோபுவுக்கே காரணம் சொல்லப்படவில்லை. 91-ஆம் சங்கீதத்தை யாருக்கும் காப்பீட்டுப் பத்திரம் மாதிரி நீட்டாதீர்கள். தேவாலயத்து உப்பரிகையில் சாத்தான் இயேசுவுக்கு முன் எடுத்துக்காட்டிய வசனமே அந்தச் சங்கீதத்தின் 11, 12 தான், அவர் அதை அந்த அர்த்தத்தில் ஏற்கவில்லை. கேள்வி கேட்பவரோடு உட்கார்ந்து, அந்தக் கேள்வியையே ஜெபமாக்குங்கள். சிலுவையில் இயேசு சொன்ன 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனமும் "ஏன்" என்ற கேள்விதான்.

நம் மண்ணிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, இரண்டு வருஷத்தில் டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். அடைத்தவர்கள் அவரை அனுப்பிய டேனிஷ் ராஜாவின் அதிகாரிகளே. வெளியே வந்து விட்ட இடத்தில் வேலையைத் தொடர்ந்தார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது 1715-இல். 1719-இல் 36 வயதில் இறந்துபோனார். அவர் வாழ்க்கையில் கஷ்டத்துக்கு ஈடாக ஒன்றும் திரும்பக் கொடுக்கப்படவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. தஞ்சாவூரில் ஹைதர் அலி படையெடுப்பில் பஞ்சம் வந்தபோது, அரண்மனையை நம்பி நெல் தராத குடியானவர்கள் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் விலைக்குப் பொறுப்பேற்றதும் தந்தார்கள். ஏன் பஞ்சம் வந்தது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் "அன்றன்றுள்ள அப்பம்" என்ற வரிக்கு விளக்கம் பாருங்கள். உணவு, வீடு, வயல், மாடு, பணம், ஏற்ற காலநிலை, நல்ல அரசு, நல்ல அயலார், எல்லாம் அதில் வரும். ஒரு நாளைக்குக் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் மெதுவாகச் சொன்னால் போதும் என்று அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள், அந்த ஒரு வரியில் வயலும் கொள்முதல் நிலையமும் அடங்கிவிடும்.

---

பூண்டிப் பக்கம் அன்பியம்

சந்திப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. இரண்டு பேர் போங்கள், எட்டுப் பேர் வேண்டாம். எட்டுப் பேருக்கு டீ போடக் காசு இருக்காது. 20 நிமிஷம். போனை அணைத்துவிடுங்கள். கையில் அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய் கொண்டுபோவதென்றால் பொழுது சாய்ந்த பிறகு, தெரு பார்க்காமல். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. "எல்லாம் நன்மைக்கே", "இது சோதனை", "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" மூன்றும் கூடாது. செபிக்கலாமா என்று கேளுங்கள். இன்று வேண்டாம் என்றால் சரி என்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கிளம்பும்போது அடுத்து வருகிற நாளைச் சொல்லிவிட்டு, அதே நாளில் போங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை. 90-ஆம் நாள் கட்டாயம், ஏனென்றால் அதற்குள் மற்ற எல்லாரும் வருவதை நிறுத்தியிருப்பார்கள்.

---

இளைஞர் ஐக்கியம், திருவாரூர்

ஒரே ஒரு விஷயம் அண்ணா. அந்த வீட்டுக் கடன் கணக்கையோ தற்கொலைப் பேச்சையோ ஜெபக்குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும், அதற்குப் பிறகு அவர்கள் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். "ஒரு குடும்பத்துக்காக" என்று போட்டால் போதும், தேவனுக்கு எந்தக் குடும்பம் என்று தெரியும்.

---

வெண்ணாற்றங்கரை

எடுத்துக்கொண்டோம். இரண்டு இரண்டு பேராக நாலு ஜோடி, ஒரு ஜோடிக்கு மூன்று வீடு. 13-ஆம் சங்கீதத்தை ஒரு பக்கம், அடுத்த பக்கம் எழுதக் காலி இடம் விட்டு அச்சடிக்கப் போகிறோம். கணக்குத் தாள் தனி. பூச்சிமருந்து, 104, 14416 விவரங்களை முதலில் எங்கள் எட்டுப் பேருக்கும் உட்கார்ந்து சொல்லிவிடுகிறோம். படிக்கத் தெரியாத பாட்டிமார் இருக்கிற வீட்டில் அந்தத் தாளை வைத்து என்ன செய்வது?

---

தரங்கை லுத்தரன்

தாளை எடுக்கவே வேண்டாம். "எதுவரைக்கும்" என்ற ஒரு சொல்லை நீங்கள் சொல்லி, மிச்சத்தை அவர்களைச் சொல்லவிடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும். ராகம் போட்டுச் சொன்னால் தடுக்காதீர்கள்.